பங்குனிப் பாடை

நவம்பர் 4, திங்கள்

ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். எத்தனை முறை வாந்தி, எவ்வளவு காய்ச்சல், என்ன சாப்பிட்டார் என்று தினமும் குறிக்க வேண்டுமாம். ரெஜினா சிஸ்டர் கட்டம் கட்டமாகக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். கட்டத்துக்குள் அடங்காத சமாசாரம்தான் என்னிடம் அதிகம். அதனால் நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தபோது கொடுத்த பழைய டைரி ஒன்றைத் தேடி எடுத்தேன். இது சிஸ்டருக்குக் காட்ட இல்லை.

என் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்கு இரைப்பையில் புற்றுநோய். எழுதிவிட்டேன்.

டாக்டர் முகிலன் சின்ன வயசுக்காரர். பொறுமையாகச் சொன்னார். "ஆராய்ச்சின்னு பயந்துக்காதீங்கம்மா. மருந்து எதுவும் புதுசு இல்ல. நாலு மருந்தையும் ஒண்ணாச் சேத்து ஆபரேஷனுக்கு முன்னாடி நாலு தடவை, பின்னாடி நாலு தடவை ஏத்துவோம். இன்னொரு குரூப்புக்கு வேற விதமா. எதுல ஆள் நல்லா தேறுறாங்கன்னு பாக்கறோம். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் எடுத்துக் குடுக்கும்."

இவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். வாய் சும்மா இருக்குமா. "கம்ப்யூட்டரு சில்லறை சரியா குடுக்குமா சார்?" என்றார். டாக்டர் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "முதல் நாலை எல்லாரும் முடிச்சிடறாங்க. கட்டிய எடுத்தப்புறம்தான் நிறைய பேர் வர்றதில்ல. கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருக்கறதுக்குத்தான் பின்னாடி போடறது. அதை மட்டும் விட்டுடாதீங்க."

"விட மாட்டோம் சார்" என்றேன்.

எங்களுக்கு நாலு மருந்து விழுந்தது.

நவம்பர் 7, வியாழன்

குளிர்ந்த பொருளைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கேட்டால்தானே. குழாய்த் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் பிடித்தார். கரண்ட் அடித்ததுபோல டம்ளரை விசிறிவிட்டார். தொண்டைக்குள் முள் குத்துகிறதாம். இனிமேல் குடிக்க, கை கழுவ எல்லாவற்றுக்கும் வெந்நீர். அடுப்பு அணைவதே இல்லை.

மல்லிகைப் பூ வாசனை பட்டாலே குமட்டுகிறது அவருக்கு. பூ வைப்பதை நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

இரண்டாவது முறை மருந்து ஏற்றி வந்த பிறகு நேற்று காபிப்பொடி நிறத்தில் வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸில் தஞ்சாவூர். ரத்தம் ஏற்றினார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு ஜமுனா போன் செய்தாள். "அக்கா, வலங்கைமான் ஆத்தாவுக்குப் பாடை வேண்டிக்க. எங்க மாமனாரு அப்பிடித்தான் எந்திரிச்சாரு."

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த நேர்த்திதான். சாகக் கிடந்தவர் பிழைத்து எழுந்தால், பங்குனி இரண்டாம் ஞாயிறன்று அவரைப் பிணம்போலவே பாடையில் கட்டி, பறை அடித்து, கொள்ளிச்சட்டி முன்னால் போக, கோயிலைச் சுற்றித் தூக்கி வருவார்கள். சன்னதியில் பூசாரி தீர்த்தம் தெளித்ததும் எழுந்து வீட்டுக்கு நடப்பார். சாவுக்குச் சேர வேண்டியதை அதற்கே ஒரு தடவை செய்து காட்டிவிட்டு வருகிற மாதிரி.

எனக்குச் சாமி பக்தி ஒன்றும் பெரிசாகக் கிடையாது. வேண்டிக்கொண்டேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

முதல் நாலும் முடிந்தது. முடி, மீசை, புருவம் எல்லாம் போச்சு. உள்ளங்கைத் தோல் உரிந்து வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொன்னார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, எதை வைத்தாலும் மெஷின் சிவப்பு விளக்கு. "உங்களை ஆளே இல்லங்குது சார்" என்றான் கடைக்காரன். இவர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். நான் விரல் வைத்தேன். உடனே பச்சை எரிந்தது.

ஜனவரி 20, திங்கள்

ஆபரேஷன். இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஒரு தட்டில் வைத்து, மேலே துணி போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். பார்க்கிறீர்களா என்றார்கள். பார்த்தேன். இத்தனை வருஷம் நான் சமைத்ததெல்லாம் போய் விழுந்த இடம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. குடலை நேராக மேலே இழுத்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு கரண்டி குழைந்த சோறு, கொஞ்ச நேரம் கழித்து அரை இட்லி, அப்புறம் கொஞ்சம் கஞ்சி, இப்படிப் பொழுதன்னிக்கும். "வயிறே இல்ல, ஆனா சோறு உள்ள போவுது. எங்கடி போவுது?" என்று கேட்கிறார். எனக்கென்ன தெரியும்.

குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கோலம் போடுவதில்லை. தண்ணீர் தெளிப்பதோடு சரி.

மார்ச் 10, திங்கள்

டாக்டர் ஆபரேஷன் காயத்தைப் பார்த்தார், நன்றாக ஆறியிருக்கிறது என்றார். 24ஆம் தேதி திங்கட்கிழமை பின்பாதி மருந்து ஆரம்பம். "இதுதாம்மா முக்கியம்" என்று மறுபடி சொன்னார்.

பங்குனி இரண்டாம் ஞாயிறு 23ஆம் தேதி வருகிறது. நேர்த்தியை முடித்துவிடலாம் என்றேன். ஜமுனா முகத்தைச் சுளித்தாள்.

"முழுசா குணமானப்புறம்தானக்கா பாடை எடுக்கணும்? இன்னும் மருந்து பாதி கிடக்குதே. அடுத்த பங்குனிக்கு எடுக்கலாம்ல?"

அடுத்த பங்குனி வரைக்கும் கடனை வைத்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

மார்ச் 23, ஞாயிறு

முடிந்தது.

ஊரெல்லாம் கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு பையனின் பாடை. லாரியில் அடிபட்டுப் பிழைத்தவனாம். தூக்கிப் போகும்போதே கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தான். அவன் அம்மா, "மூடுடா கண்ண" என்று அதட்டினாள். பின்னால் வந்த பாடையில் ஒரு அம்மாள் செருமிக்கொண்டே கிடந்தாள். ஆக, பயப்பட ஒன்றும் இல்லை, திருவிழாதான்.

இவரைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக் காசை ஒட்டினார்கள். தாடையைச் சுற்றித் துணி. கையைச் சேர்த்துக் கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். மாலை போட்டார்கள். அவ்வளவு மெலிந்திருந்ததால், வேஷம் போட வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளிச்சட்டியை நானே பிடித்தேன். பறைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நேர்த்திதானம்மா, பிடிங்க" என்றார். "கொஞ்சம் அழுங்கம்மா, ஒப்புக்கு" என்றாள் யாரோ ஒருத்தி. ஒப்புக்குத்தான் ஆரம்பித்தேன். கோயிலைச் சுற்றி முடிக்கும்போது ஜமுனா என் தோளைப் பிடித்து உலுக்கி, "போதும்க்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். புகை கண்ணில் பட்டால் நிற்காது.

சன்னதியில் இறக்கினார்கள். பூசாரி தீர்த்தம் தெளித்தார். அந்தப் பையன் துள்ளி எழுந்து சோடா கேட்டான். இவர் கண் திறக்கவில்லை. பூசாரி இரண்டாவது முறை தெளித்தார். தூக்கி வந்தவர்களில் ஒருவன் குனிந்து, "பெரியப்பா, எந்திரிங்க" என்றான். பூசாரி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ கூப்பிடு தாயி" என்றார். பறைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. கையில் வேறு சட்டி.

அப்புறம் அவராகவே கண்ணைத் திறந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். கால் தரிக்கவில்லை என்று தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் கோயில் குளத்தில் தலை முழுகிவிட்டு வந்து ஏறினேன். வெயிலுக்கு உடம்பெல்லாம் கசகசத்தது.

மார்ச் 24, திங்கள்

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுப்பப் போனேன். மல்லாந்து படுத்திருந்தார். போர்வையை விலக்கினால், கால் கட்டைவிரல்களில் நேற்றுக் கட்டிய துணி அப்படியே இருக்கிறது. அவரே அவிழ்த்திருப்பார் என்று நான் நினைத்தேன், நான் அவிழ்ப்பேன் என்று அவர் இருந்திருக்கிறார். மருந்தினால் கால் மரத்துப்போய் இறுக்கமே தெரியவில்லையாம். முடிச்சு இருந்த இடம் நீலமாகியிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன்.

"கெளம்புங்க" என்றேன்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. இன்னிக்குத்தானே மருந்து."

"அதான் முடிஞ்சுபோச்சே தையலு" என்றார், வழக்கம்போல என் பேரைச் சுருக்கி. திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அலுப்பு. நாளைக்குப் போகலாம்.

மார்ச் 27, வியாழன்

வரமாட்டேன் என்கிறார். கோபமாகச் சொன்னால் சண்டை போடலாம். சாதாரணமாகச் சொல்கிறார்.

மார்ச் 29, சனி

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ண மறந்துபோனேன். ஜமுனா வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறாள். சாம்பார், ரசம், ஒரு பொரியல். மூன்று நாளாக எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மார்ச் 31, திங்கள்

இவருக்கு எது மாறியது என்று எழுதிவைக்கிறேன். சத்தம் இல்லை. தெருமுனையில் நின்று கூப்பிட்டாலும் வீட்டுக்குள் கேட்கிற குரல் அவருக்கு. இப்போது உதடு அசைவது தெரியும், என்ன சொன்னார் என்று பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். பசி என்று கேட்பதில்லை, கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். ஐஸ் வாட்டர் குடித்தார், ஒன்றுமே ஆகவில்லை. "மருந்து நிறுத்தி ரொம்ப நாளாச்சில்ல, அந்தக் கூச்சம் போயிருக்கும்மா" என்று ரெஜினா சிஸ்டர் போனில் சொன்னாள். நல்லதுதான். அப்படியானால் நல்லதுதான்.

நடக்கிற சத்தமும் கேட்பதில்லை. சமையல்கட்டில் திரும்பினால் பின்னால் நிற்கிறார்.

நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். அவருக்குக் காற்று வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

டாக்டரே பேசினார். ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டுமாம், இல்லாவிட்டால் பயன் சந்தேகம்தான் என்றார். 14ஆம் தேதி வருஷப்பிறப்பு, லீவு. அதனால் 11ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் கடைசி. "கட்டியில நல்லா வேலை செஞ்சிருக்கும்மா அந்த நாலு மருந்தும். எடுத்துப் பாத்ததுல உயிரோட இருந்த செல் ரொம்பக் கொஞ்சம். இவர் மாதிரி ஆளுங்கதான் பிழைச்சு வருவாங்க. கூட்டிட்டு வந்துடுங்க."

பிழைச்சு வருவாங்க என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

அவருடைய பழைய யூனிபார்ம் சட்டை இரண்டை இன்று குப்பை எடுக்க வருகிறவருக்குக் கொடுத்தேன். அலமாரியில் இடம் அடைக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து செல்லத்துரையும் மரகதமும் வந்தார்கள். செல்லத்துரை இவருக்குச் சித்தப்பா மகன். ஆபரேஷன் ஆன ஆளைப் பார்க்கத்தான் ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஜமுனா வீட்டில் நேற்று காதுகுத்து. வாடகை நாற்காலிகளை எங்கள் வாசலிலும் போட்டிருந்தார்கள், இன்னும் எடுக்கவில்லை. வாசலில் கோலம் இல்லை. நான் தலைக்கு முழுகி, ஈரத்தலையை விரித்துவிட்டுக்கொண்டு, நெற்றியில் ஒன்றும் இல்லாமல் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். முகம் கழுவும்போது பொட்டு எங்கேயோ விழுந்திருக்கும்.

மரகதம் படியிலேயே பையைப் போட்டுவிட்டாள். "அய்யோ அக்கா, ஏன்க்கா எங்களுக்குச் சொல்லல" என்று ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. கட்டிக்கொண்டு அழுகிறவளை எப்படித் தள்ளிவிடுவது. நானும் கட்டிக்கொண்டேன். அழுதேன். தலையோடு தலை முட்டிக்கொண்டு, ராகம் போட்டு, என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே என்று அழுதேன். எனக்கு ஒப்பாரி தெரியாது. எங்கிருந்து வந்ததோ, வரி வரியாக வந்தது. செல்லத்துரை வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது இவர் சமையல்கட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரும் இரண்டு டம்ளரும் எடுத்துக்கொண்டு வந்தார். சத்தமில்லாமல் நடந்துபோய் முதலில் தம்பிக்குக் கொடுத்தார். அவரும் யாரென்று நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக் குடித்தார். பாதி குடித்த பிறகுதான் பார்த்தார். டம்ளர் விழுந்தது.

"உக்காரு தம்பி. அவ அழுது முடிக்கட்டும்" என்றார் இவர்.

மரகதத்துக்கு ஜன்னி வந்ததுபோல உடம்பு உதறியது. உட்காரவே இல்லை அவர்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் படியிலேயே கிடந்தன. அழுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரத்தான் செய்யும். அதில் என்ன இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

கஞ்சி கொடுக்கும்போது அவராகப் பேசினார்.

"நேத்து நல்லா அழுத."

நான் கஞ்சியை ஆற்றிக் கையில் கொடுத்தேன்.

"கோயில்லயும் நல்லா அழுத. பூசாரி கூப்பிடச் சொன்னாரு. நீ கூப்பிடல."

"கேக்கலைங்க. பறைச் சத்தம்."

"சன்னதியில பறைய நிறுத்திட்டாங்க தையலு."

கஞ்சியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார். "உனக்கு நான் போயி பல நாளாச்சு. பூ இல்ல, பொட்டு இல்ல, கோலம் இல்ல. நான் என்னா பண்ணட்டும், குறுக்க குறுக்க நடந்துகிட்டிருக்கேன். செத்தவனுக்கு எதுக்கு ஊசி."

இந்த மனுஷனுக்கு நான் எத்தனை வாந்தி அள்ளியிருக்கிறேன், எத்தனை அண்டா வெந்நீர் வைத்திருக்கிறேன், அதெல்லாம் கணக்கில் இல்லையா? பூ வாசனை ஆகாது என்றது யார்? கோபத்தில் பாத்திரத்தையெல்லாம் போட்டுத் தேய்த்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

சிஸ்டர் இரண்டு தடவை போன். நாளைக்குக் காலை எட்டு மணிக்குள் வந்தால் போதும் என்கிறாள்.

அவர் காலில் விழுந்துகூடக் கேட்டேன். "நீ எதுக்குக் கேக்கறேன்னு உனக்கே தெரியல" என்றார்.

தெரிகிறது. இந்த டைரியில் ஒரே ஒரு இடத்திலாவது நேராக எழுதிவிடுகிறேன். ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த அன்றைக்கே நான் இவரைச் சாவுக்குக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அழுது தீர்த்துவிட்டால், நிஜமாக வரும்போது தாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பாடை எடுத்ததும் அதற்குத்தான். அழுது முடித்தும்விட்டேன். ஆனால் இவர் போகவில்லை. இப்போது இவர் பிழைப்பார் என்கிறார்கள், எனக்கு இவரைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் குளித்து, பையைத் தயார் பண்ணிவிட்டு நின்றேன். முதல் பஸ் போய்விட்டது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கை அவ்வளவு சில்லென்று இருந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சரி. நீங்க போயிட்டீங்க. அப்ப நான் மட்டும் எதுக்கு" என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் படுத்தேன். தெற்கே தலை வைத்து, காலைச் சேர்த்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பிடிவாதம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு நிமிஷம் பார்ப்பார், எழுந்து வருவார் என்று நினைத்தேன்.

ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. ஜமுனா வீட்டுக் குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. வெறும் தரை, முதுகெல்லாம் குளிர்ந்தது. அப்புறம் குளிரவில்லை. ஃபேன் நின்றுவிட்டது என்று நினைத்தேன். கரண்ட் போயிருக்கும், போகட்டும். இடுப்பு வலி இல்லை. எங்கேயும் வலி இல்லை. பஸ் போய்விடும் என்று ஒரு நினைப்பு இருந்தது, அதுவும் யாருடைய பஸ்ஸோ என்று தோன்றியது.

"தையலு."

எங்கேயோ பின்னாலிருந்து வந்தது. அவருடைய பழைய குரல், தெருமுனைக் குரல்.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. கண்ணைத் திறந்தேன். இவர் என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு முகமெல்லாம் நனைந்து உட்கார்ந்திருக்கிறார். வாசற்படியில் ஜமுனா, அவள் புருஷன், இன்னும் யார் யாரோ நிற்கிறார்கள். ஜமுனா கையில் தண்ணீர்ச் சொம்பு. என் தலை, சேலை எல்லாம் ஈரம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவடி கூப்பிடுறது" என்று கத்தினார்.

"ஒரு தடவதானே கூப்டீங்க" என்றேன்.

ஜமுனா என்னை வெறித்துப் பார்த்தாள். அவள் கண்ணும் அழுது சிவந்திருந்தது. அவ்வளவு நேரமா ஆயிற்று?

ஜமுனா புருஷன் காரை எடுத்தார். வழி முழுக்க இவர் பேசிக்கொண்டே வந்தார், எந்த ஸ்டாப்பில் யார் டிக்கெட் எடுக்காமல் ஏறுவான் என்று, ஒரு இடம் விடாமல். இடையிடையே என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். சிஸ்டர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "நல்லவேளை, மூட இருந்தோம்மா. சார் காலைல எப்படி இருந்தார், நோட்டு எங்க?" என்றாள். மறந்துவிட்டேன் என்றேன்.

நாற்காலியில் சாய்த்து, பாட்டிலை மாட்டினார்கள். இவர் என்னைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்து, காதுக்கு அருகில் குனிந்து கேட்டார்.

"எங்கடி போயிருந்த?"

"எங்கயும் போகலைங்க. தரையிலதானே படுத்திருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. என் கையைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஊசி ஏற்ற நரம்பு தெரிகிற கை அதுதான், கொஞ்சம் விடுங்கள் சார் என்று சிஸ்டர் கேட்டுக்கொண்டே நின்றாள். அவர் விடவில்லை.